வெப்சைட்டுக்கு நீங்களும் யோசனை சொல்லலாம்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் ஒன்று செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வெப்சைட் புரியவில்லை என்றால், "நமக்குத்தான் தெரியவில்லை" என்று மூடி விடுவார்கள். அப்படி மூடுவதற்கு முன் இந்தக் கட்டுரையைப் படியுங்கள்.

நான் அம்பத்தூரில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை செய்கிறேன். ஆவடியில் இருக்கும் என் சித்தி மகள் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறாள். தமிழகத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் 2019-20 கல்வியாண்டு முதல் பைத்தான் இடம்பெற்றுள்ளது. அதற்காக சித்தப்பா ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் அவளிடமிருந்து போன். "அண்ணா, பைத்தான் வெப்சைட்டைத் திறந்தேன். எதைத் தொடுறதுன்னே தெரியல. காலேஜ்ல கம்ப்யூட்டர் எடுக்கணும்னு நினைச்சேன், இப்போ வேண்டாம்னு தோணுது" என்றாள்.

பைத்தான் மொழியை கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்டார். 2001-ல் தொடங்கப்பட்ட பைத்தான் சாப்ட்வேர் பவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு அதன் வெப்சைட்டை நடத்துகிறது. 2014 மார்ச்சில் அந்த வெப்சைட் புதிய தோற்றம் பெற்றது. அதில் குறை கண்டால் தெரிவிப்பதற்கு, பக்கத்தின் அடியில் 'சப்மிட் வெப்சைட் பக்' என்று ஒரு லிங்க் உண்டு. அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பைத்தானை டவுன்லோட் செய். பிறகு முதல் பாடத்தைக் கண்டுபிடி" என்று மட்டும் சொன்னேன். டவுன்லோட் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பாடத்தைத் தேடியபோதுதான் தயங்கினாள். மெனுவில் 'டாக்குமென்டேஷன்' என்ற சொல்லுக்குள் பாடம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பல வருடங்களாக அந்த மெனுவைப் பார்க்கும் எனக்கு இது கண்ணில் பட்டதே இல்லை. வழி தெரிந்தவனுக்கு வழிகாட்டிப் பலகை தேவைப்படாது அல்லவா? ஒரு மாதம் போனால் அவளுக்கும் பழகி விடும். எனவே புதியவராக இருக்கும்போதே எழுதி விட வேண்டும்.

எப்படி எழுதுவது? கல்லூரியில் படித்தபோது ஒரு மொழியின் வெப்சைட் மாறியதும், "புது டிசைன் நன்றாக இல்லை" என்று ஒரே வரி அனுப்பினேன். "எந்தப் பக்கம்? என்ன சிரமம்?" என்று கேட்டுப் பதில் வந்தது. என்னிடம் விடை இல்லை. அதில் கற்றுக் கொண்டவை இவை:

1. நீங்கள் புதியவரா, எந்த விண்டோஸ், எந்த பிரவுசர் என்று குறிப்பிடுங்கள்.

2. என்ன செய்ய நினைத்தீர்கள், எதைக் கிளிக் செய்தீர்கள், என்ன தோன்றியது என்று வரிசையாக எழுதுங்கள்.

3. என்ன எதிர்பார்த்தீர்கள் என்று கூறுங்கள்.

4. பிரின்ட் ஸ்கிரீன் கீயை அழுத்தி, பெயின்டில் ஒட்டி, படமாக இணையுங்கள். படத்தில் உங்கள் சொந்த விவரங்கள் இல்லை என்று உறுதி செய்து கொள்ளுங்கள்.

5. ஒரு கடிதத்தில் ஒரே குறை போதும். பிடித்ததையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாற்றத்தில் அதை எடுத்து விடலாம்.

இதனால் பயன் உண்டா? ரஸ்ட் என்ற மொழியின் வெப்சைட் 2018 டிசம்பரில் மாற்றப்பட்டபோது, பழைய தளத்தில் இருந்த பிறமொழிப் பக்கங்கள் புதியதில் இல்லை. பயனாளர்கள் பலர் இதைச் சுட்டிக் காட்டினார்கள். பின்னர் பிறமொழிப் பக்கங்கள் மீண்டும் வந்தன.

என் தங்கை நான்கு வரி தமிழில் எழுதினாள். நான் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தேன். அவளே அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை. தன்னார்வலர்கள் பார்க்கும் வேலை, தாமதம் ஆகலாம். ஆனால் அன்று இரவே அவள் தன் பெயரைத் தமிழில் பிரின்ட் செய்யும் முதல் புரோகிராமை எழுதி எனக்கு அனுப்பினாள். கூடவே, "அண்ணா, மெனுல இன்னொரு இடமும் புரியல. அதையும் எழுதட்டுமா?" என்று ஒரு கேள்வி.

நீங்களும் அடுத்த முறை ஒரு வெப்சைட்டில் வழி தவறினால், மூடுவதற்கு முன் பக்கத்தின் அடியில் ஒருமுறை பாருங்கள்.