கண்ணடிக் கருவளையம்



கண்ணுக்குக் கீழே உள்ள தோல் மிக மெல்லியது. சுமார் அரை மில்லிமீட்டர்தான். அதனால் அடியில் ஓடும் இரத்தக் குழாய்கள் கருநீலமாக வெளியே தெரிகின்றன. தூக்கக் குறைவு, இரத்தசோகை, ஒவ்வாமையால் கண்ணைக் கசக்குவது, வெயில், பரம்பரை என்று கருவளையத்துக்குக் காரணங்கள் பல.

வீட்டிலேயே என்ன செய்யலாம்? குளிர்ந்த வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, மூடிய கண்கள்மேல் 10 நிமிடம் வையுங்கள். வெந்நீரில் நனைத்து ஆறவிட்ட டீ பையையும் குளிரவைத்து இப்படியே வைக்கலாம். குளிர்ச்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கும். தேயிலையில் உள்ள கஃபீனும் துணைசெய்யும். வீக்கம் வடிந்து, கருமையும் சிறிது நேரம் மட்டுப்படும்.

எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டவே வேண்டாம். அந்த மெல்லிய தோலில் எரிச்சலை உண்டாக்கி, கருமையைக் கூட்டிவிடும்.

இரத்தசோகைதான் காரணம் என்றால் மேற்பூச்சு போதாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை சாப்பிடுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காய்: அதிலுள்ள வைட்டமின் சி, இந்த உணவுகளின் இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது போகட்டும்.

இரவில் 7 மணி நேரம் தூங்குங்கள். தலையணை சற்று உயரமாக இருந்தால் காலையில் கண்ணடி வீக்கம் குறையும்.

கருவளையத்தோடு ஓயாத களைப்பும் மூச்சு வாங்குவதும் இருந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று கருத்து வீங்கினாலோ, தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.