பனிச்சரிவு: ஆபத்து அடியில் இருக்கிறது

பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைச்சரிவுகளில்தான் நிகழ்கிறது. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி சேராது, அவ்வப்போது உதிர்ந்துவிடும். சாய்வு குறைந்த இடத்தில் தானாகச் சறுக்காது.

மேலே விழும் புதுப் பனியைவிட, அடியில் கிடக்கும் பழைய பனியே மோசமானது. தரையை ஒட்டிய பனி ஏறத்தாழ 0 பாகை செல்சியஸில் இருக்க, மேற்பரப்பு கடுங்குளிரில் உறைந்திருக்கும். இடையில் நீராவி மேலேறி, பனித்துகள்களைப் பட்டை தீட்டிய பெரிய மணிகளாக மாற்றுகிறது. அள்ளினால் கல்லுப்பைப் போல ஒட்டாமல் உதிரும். அதன்மீது காற்று அடித்து இறுக்கிய பனிப்பாளம் உட்கார்ந்திருக்கும்போது, ஓர் ஆள் கால் வைத்தாலே போதும். விரிசல் நொடியில் ஓடி, சரிவு முழுவதும் பெயர்ந்துவிடும். காலடியில் ‘தொம்’மென்று சத்தம் கேட்டால் திரும்பிவிடுவதே புத்தி.

வேலூர்ப் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தியில் அருவி உண்டு, பனிப்பொழிவு கிடையாது. ஆனாலும் வேலூர் வட்டாரத்துக்குப் பனிச்சரிவு தொலைதூரச் செய்தி அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் கம்மவான்பேட்டை இந்தப் பக்கத்து ஊர்தான். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல்முகாமில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தனர். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள், அவர்களில் ஒருவர் வேலூர் மாவட்டத்தவர். அங்கே பெயர்ந்தது பனிப்பாளம் அல்ல, பனிக்கட்டிச் சுவர். கல்லாக இறுகிய அதை அறுக்க ரம்பமும் துளைப்பான்களும் தேவைப்பட்டன. ஆறாம் நாள், சுமார் 25 அடி ஆழத்தில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார்; பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார்.

அத்தனை நாள் கழித்து உயிரோடு கிடைப்பது அபூர்வம். சுவிட்சர்லாந்துப் பதிவுகளின்படி, கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தனர்; 35 நிமிடத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒருவராகக் குறைந்தது. மூச்சுக்காற்றின் ஈரமே முகத்தைச் சுற்றி உறைந்து காற்றை அடைத்துவிடுகிறது. வெளியிலிருந்து மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க முடியாது. உடன் சென்றவர்களே காப்பாற்ற வேண்டும். அதற்கு ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீள்கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும்.

இந்தியாவில் பனிச்சரிவு எச்சரிக்கையை பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வகமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடுகிறது. குளிர்காலத்தில் மணாலி, குல்மார்க் பக்கம் மலையேறப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் முகாமை விட்டுக் கிளம்ப வேண்டாம்.