திரும்பி வர ஒரு முகவரி

ஒரு நிரல் பாதி வேலையில் நின்று, வர்க்கமூலம் காணும் துணைநிரலை அழைக்கிறது. விடை கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஆனால் அதே துணைநிரலை நூறு இடங்களிலிருந்து அழைக்கலாமே! இம்முறை எங்கே திரும்புவது? அந்த முகவரியை எங்காவது குறித்து வைத்தாக வேண்டும்.

1949இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு டேவிட் வீலர் கண்ட வழி துணிச்சலானது. துணைநிரல் தன் கடைசிக் கட்டளையைத் தானே திருத்தி, திரும்ப வேண்டிய முகவரியை அதில் எழுதிக்கொள்ளும். 1965இல் வந்த பிடிபி-8 கணினி அதைத் துணைநிரலின் முதல் இடத்தில் எழுதியது. இரண்டிலும் குறை ஒன்றுதான்: எழுத ஒரே இடம். துணைநிரல் தன்னையே அழைத்தால் பழைய முகவரி அழிந்துவிடும்.

தன்னையே அழைப்பது விநோதமல்ல. 4இன் தொடர்பெருக்கம் வேண்டுமா? 3இன் தொடர்பெருக்கத்தை 4ஆல் பெருக்கு. 3க்கு 2, 2க்கு 1. நான்கு அழைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் காத்திருக்கின்றன. ஆனால் கடைசியாகத் தொடங்கியதே முதலில் முடிகிறது. ஆகவே முகவரிகளை நினைவகத்தில் தனியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முடியும்போது மேலே இருப்பதை எடுத்தால் போதும்; தேடவே வேண்டாம். உச்சி எங்கே என்று காட்ட ஓர் எண் இருந்தால் சரி. இவ்வளவு மலிவான தீர்வு கணினியியலில் அபூர்வம். ஆலன் டூரிங் 1945இல் எழுதிய கணினித் திட்ட அறிக்கையிலேயே இந்த யோசனை உண்டு. இந்த அடுக்குதான் ஸ்டாக்.

துணைநிரலின் தற்காலிகத் தரவுகளும் அங்கேயே தங்குகின்றன. வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான கணினிகளில் ஸ்டாக் பெரிய முகவரியிலிருந்து சிறியதை நோக்கிக் கீழே வளர்கிறது. அதில் எழுதப்படும் தரவோ மேல்நோக்கி நிரம்புகிறது. நிரம்பி வழிந்தால் முட்டும் இடம், திரும்பும் முகவரி! 1988 நவம்பரில் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று இதுவே. 512 பைட் இடத்தில் அதைவிட நீளமான உரையைத் திணித்து, முகவரியைத் தன் கட்டளைகளை நோக்கி மாற்றியது. கணினியும் கேள்வி கேட்காமல் அங்கே போனது.

இன்று நிரல்மொழிமாற்றிகள் முகவரிக்கு முன்னால் ஒரு ரகசிய எண்ணை வைத்து, திரும்புமுன் அது மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கின்றன. இன்டெல்லின் சில புதிய செயலிகள் முகவரியின் நகலைத் தனி ஸ்டாக்கிலும் வைத்திருக்கும்; இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும்.