மலைப்பாதைக்கு ஏற்ற சிறுவண்டி

அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் ஒருமுறை சென்று வந்தவர், மலைநாட்டின் பாதைகளையெல்லாம் கண்டுவிட்டதாக எண்ணலாகாது. அத்தார்ச்சாலையிலிருந்து இருபுறமும் பிரிந்து, தேயிலை மலைகளுக்குள் மறைந்துவிடும் தோட்டத்துப் பாதைகள் பல உள்ளன. கொழுந்து லொறி ஏறி இறங்குவதற்கென்று வெட்டப்பட்டவை அவை. கருங்கல் பதித்த ஏற்றம், மழைநீர் அரித்த பள்ளம், ஒரே வீச்சில் திரும்ப இயலாத வளைவு, இவற்றுக்கு அப்பால் மேற்கணக்கு லயங்கள். நள்ளிரவில் அந்த லயங்களில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டால், அல்லது முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், அப்பாதையைக் கடக்கச் செல்லும் நேரமே உயிரைத் தீர்மானிப்பதாகிவிடுகிறது.

ஆகையால், சிறு வியாபாரியாயினும், மரக்கறிச் செய்கையாளராயினும், தோட்ட உத்தியோகத்தராயினும், சேமிப்பும் கடனுமாகப் பணம் திரட்டி, நான்கு சில்லும் இழுக்கும் சிறிய வண்டியொன்றை நாடுவது இயல்பே. 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபின், இந்நாட்டம் புத்துயிர் பெற்றிருக்கிறது. ஆனால் வாங்கப் போகிறவர் முன் இரண்டு கேள்விகள் எழுந்து நிற்கின்றன. ஒரே வண்டி பல தரங்களில் வருகிறதே, எத்தரத்தைக் கொள்வது? கையால் மாற்றும் கியரா, தானே மாறும் ஓட்டோ கியரா?

முற்காலத்துத் தோட்டத்துரைமாருக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லாண்ட்ரோவர் வண்டி, கைக் கியர் ஒன்றுடன் மட்டுமே கிடைத்தது. அலங்காரம் என்று சொல்லத்தக்கது அதில் ஏதுமில்லை. இன்று அந்த இடத்தை நாடுவோர் பெரும்பாலும் கருதுவது யப்பானின் சுசுகி ஜிம்னி வண்டியை. 1970இல் 359 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் தோன்றிய இவ்வண்டியின் நான்காம் தலைமுறை 2018இல் வெளியாயிற்று. அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கேள்விகளை ஆராய்வோம்.

முதலில் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. வண்டியின் எலும்பு வேறு. அதன் ஆடை அணி வேறு. ஏணி போன்ற இரும்புச் சட்டம், முன்னும் பின்னும் உறுதியான அச்சு, தேவையானபோது நான்கு சில்லுகளையும் இணைக்கும் பொறி, அதனோடு மந்த கியர் என்பனவே இவ்வண்டியின் எலும்பு. நான்காம் தலைமுறையில், விலை குறைந்த தரத்திலும் விலை உயர்ந்த தரத்திலும் இவை ஒன்றே. மந்த கியரில் இட்டால் வண்டியின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். சில்லைச் சுழற்றும் வலிமையோ ஏறத்தாழ இரண்டு மடங்காகும். செங்குத்தான கல்லேற்றத்தில் நடந்து செல்வோரின் வேகத்தில் நிதானமாக ஏறவும், அதே வேகத்தில் இறங்கவும் இதுவே துணை. வழுக்கும் சேற்றிலும் கல்லிலும் மட்டுமே நான்கு சில்லு இணைப்பைப் பயன்படுத்த வேண்டும். உலர்ந்த தார்ச்சாலையில் அவ்வாறு ஓட்டினால், வளைவுகளில் முன்சில்லும் பின்சில்லும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால், பற்சக்கரங்கள் முறுக்குண்டு பழுதாகும்.

அடுத்தது எஞ்சின். யப்பானிய உள்நாட்டு ஜிம்னியில் 658 கன சென்ரிமீற்றர் எஞ்சின், காற்றை அழுத்தி ஊட்டும் டேர்போவுடன் 64 குதிரைவலுவைத் தருகிறது. சியெரா என்னும் அகன்ற வண்டியில் டேர்போ இல்லாத 1,462 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 102 குதிரைவலுவைத் தருகிறது. ஏட்டில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றும். ஆனால் நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் செறிவு ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் அவ்வளவு குறையும். காற்றை அழுத்தி ஊட்டும் எஞ்சினுக்கு அவ்விழப்பு மிகச் சிறிது. ஆகவே கொழும்பில் காணும் வேறுபாட்டை நுவரெலியாவில் அப்படியே காண முடியாது. எனினும் நால்வரையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்வோருக்குச் சியெராவே இலகுவானது. இந்நாட்டில் உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து விதிக்கப்படுவதால், சிறிய எஞ்சினுக்கு வரி குறைவு என்பதையும் மறத்தலாகாது.

இனித் தரங்களைப் பார்ப்போம். சிறிய ஜிம்னி 2018இல் எக்ஸ்.ஜி., எக்ஸ்.எல்., எக்ஸ்.சி. என்னும் மூன்று தரங்களில் வெளிவந்தது. முதல் தரத்தில் குளிரூட்டியின் அளவைக் கையால் திருப்ப வேண்டும். மற்றவற்றில் அது தானே அமையும். மூன்றாம் தரத்தில் எல்.ஈ.டி. முன்விளக்கு, கலப்புலோகச் சில்லு, வேகத்தை நிலைநிறுத்தும் கருவி ஆகியவை சேர்கின்றன. இந்தியாவில் 2023இல் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியும் இவ்வாறே ஸீட்டா, அல்ஃபா என்னும் இரு தரங்களில் வந்தது.

இவற்றுள் மலைப்பாதைக்கு எது வேண்டும்? வேகத்தை நிலைநிறுத்தும் கருவிக்கு வளைவுக்கு வளைவு வேலையில்லை. கலப்புலோகச் சில்லு அழகியது. ஆயினும் கல்லில் மோதினால் வெடிக்கக்கூடும். இரும்புச் சில்லு வளைந்தாலும், அருகிலுள்ள பட்டறையில் அடித்து நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். நல்ல முன்விளக்கு இரவில் பயன் தரும். ஆனால் நானுஓயாப் பக்கம் மூடுபனி இறங்கும்போது எவ்வளவு ஒளி பாய்ச்சினாலும் அது பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பும். அங்கே தாழ்ந்த ஒளியும் குறைந்த வேகமுமே காக்கும். கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்கும் குளிரூட்டியோ தாழ்ந்த தரத்திலும் உண்டு. ஆகவே உயர்ந்த தரத்துக்குக் கொடுக்கும் மிகுதிப் பணத்தின் ஒரு பகுதியை நல்ல டயர்களுக்கு ஒதுக்கினால், சேற்றுநிலத்தில் அதன் பலன் தெரியும். ஒரு விதிவிலக்கைக் கூற வேண்டும். முன்னால் வருவதைக் கண்டு தானே பிரேக் பிடிக்கும் பாதுகாப்பு அமைப்பு, 2018இல் எக்ஸ்.சி. தரத்துக்கே உடன் வந்தது. மற்ற இரண்டுக்கும் தனியே கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பழைய வண்டி வாங்குவோர் அது பொருத்தப்பட்டுள்ளதா என்று பார்த்தே வாங்குதல் நன்று. விளக்கையும் சில்லையும் பின்னர் மாற்றலாம். இத்தகைய அமைப்பைப் பின்னர் சேர்ப்பது எளிதன்று.

கியர் விடயத்தில் தீர்ப்பு வண்டியைப் பொறுத்ததன்று, ஓட்டுபவரைப் பொறுத்தது. ஐந்து படிகளுள்ள கைக் கியரில் இறக்கத்தின்போது எந்தப் படியில் நிற்பது என்பதைச் சாரதியே தீர்மானிக்கிறார். றம்பொடைப் பக்கத்து நீண்ட இறக்கங்களில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடி தளரும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்குமாறு இறங்குவதே முறை. மின்கலம் வலுக்குன்றினாலும் கைக் கியர் வண்டியை உருட்டி எஞ்சினை எழுப்பிவிடலாம். மலைநாட்டில் இறக்கத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பழகாதவர் ஏற்றத்தில் கிளச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே நின்றால் அது விரைவில் தேய்ந்து கருகும்.

நான்கு படிகளுள்ள ஓட்டோ கியரில் இத்தொல்லை இல்லை. ஏற்றத்தில் நின்று புறப்படுதல் எளிது. ஆயினும் இறங்கும்போது கியர்க்கோலைத் தாழ்ந்த படிக்கு மாற்றாமல் ஓடவிட்டால், எஞ்சினின் பிடிப்புக் குறைந்து, பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழும். ஓட்டோ வண்டியால் நேரும் தீங்கு பெரும்பாலும் இந்த அறியாமையால் வருவதே. வீட்டில் ஒருவரே நாள்தோறும் தோட்டத்துப் பாதையில் ஓட்டுபவராயின் கைக் கியர் சிறந்தது. மகனும் மருமகளும் முதிய தகப்பனும் மாறி மாறி ஓட்டும் வீடாயின், இரவு வேளையில் பதற்றத்தோடு எடுத்தாலும் ஏற்றத்தில் நின்றுவிடாத ஓட்டோ கியரே தகும். அவசர வேளையில் வீட்டில் இருப்பவர் எவரோ அவர் ஓட்டத் தெரிந்த வண்டியே நோயாளியை வைத்தியசாலை சேர்க்கும்.

இறுதியாக வண்டியின் நீளம். மூன்று கதவுச் சிறுவண்டி 4.8 மீற்றர் ஆரையில் திரும்பும்; ஐந்து கதவு வண்டிக்கு 5.7 மீற்றர் வேண்டும். லொறிக்கே இரண்டு வீச்சு வேண்டிய வளைவில் இவ்வேறுபாடு பெரிது. ஆனால் மூன்று கதவு வண்டியில் நோயாளியைப் பின்னிருக்கையில் ஏற்றுவதற்கு முன்னிருக்கையை மடித்து வளைந்து நுழைய வேண்டும். படுக்க வைப்பதற்கு இடமில்லை. வயது முதிர்ந்தோரும் கருவுற்ற பெண்ணும் உள்ள குடும்பம், பாதையின் வளைவு இடங்கொடுக்குமாயின், ஐந்து கதவுகளையே நாடுதல் நலம். வாங்குவதற்கு முன் இரவல் வண்டியொன்றில் வீட்டுப் பாதையை மழைநாளில் ஒருமுறை ஏறி இறங்கிப் பார்ப்பவர், விற்பனையாளரிடம் பின்னர் ஏமாறுவதில்லை.

எத்தரமாயினும், எக்கியராயினும், மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட பாதையில் நான்கு சில்லு இழுப்பால் பயனில்லை. அங்கே வண்டியை நிறுத்திவிடுவதே அறிவு. இத்தகைய வண்டியை எண்ணிப் பார்க்கவும் இயலாத குடும்பங்களே லயங்களில் மிகுதி. அவர்களுக்கு வேண்டியது செப்பனிட்ட பாதை. அது வரும்வரை, மேற்கணக்கில் ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு வண்டி அந்த மலைக்கே பொதுவான துணையாகி நிற்கிறது. வாங்குபவர் தம் வீட்டுத் தேவையோடு, நள்ளிரவில் கதவைத் தட்டக்கூடிய அயலவரின் தேவையையும் எண்ணித் தெரிந்தெடுத்தல் வேண்டும்.