மலையும் மழையும் – 17: சீசன் நாட்களில் இரண்டு மணி இடி

சென்ற வாரம் பிதுருதலாகலையின் பனிமூட்டத்தில் விட்டேன். மூட்டம் கலைவதற்குள் சீசன் வந்துவிட்டது. ஆகவே இந்த வாரத்துக்கென்று வாக்குக் கொடுத்திருந்த சிவனொளிபாத மலைக் கைபிடிக் கம்பிகள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

ஏப்ரல் முதலாம் திகதி பாடசாலைப் பிள்ளைகளின் பேண்ட் வாத்தியத்தோடு நுவரெலியாவில் சீசன் தொடங்கினால், மாதம் முழுக்க ஊர் கொள்ளாத கூட்டம். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு, கரையில் மட்டக்குதிரைச் சவாரி. கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருடப்பிறப்பு விடுமுறைக்கு வேன் பிடித்து வருகிற குடும்பங்கள், குளிருக்குப் போர்த்திக்கொண்டு தாமதமாக எழும்பி, சமைத்துச் சாப்பிட்டு, பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வாவிக்கரைக்கு இறங்குகின்றன. இரண்டு மணிக்கு இடி. மூன்று மணிக்குச் சேலையும் சட்டையும் பிழிகிற ஈரம். "நாங்க வந்த நேரம் பார்த்து மழை" என்று சலித்துக்கொள்கிறார்கள். ராசியில் ஒரு பிழையும் இல்லை. மணிக்கூட்டைப் பார்க்காததுதான் பிழை.

மார்ச், ஏப்ரல் இரண்டும் இலங்கைக்கு முதலாம் இடைப்பருவம். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்துவிட்டது, தென்மேல் பருவக்காற்று இன்னும் வரவில்லை. பெரிய காற்று எதுவும் நாட்டை ஆளாத இந்த இடைவெளியில் வெயில்தான் ராஜா. அதிலும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஒவ்வொரு நாளும் எந்த ஊருக்கு மேலே எத்தனை மணிக்கு நிற்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பதை வானொலியில் கேட்டிருப்பீர்கள். நிலம் கொதிக்கிறது, கடல் அந்த வேகத்தில் சூடாவதில்லை. மேற்கே நீர்கொழும்புப் பக்கமிருந்தும் கிழக்கே மட்டக்களப்புப் பக்கமிருந்தும் ஈரமான கடற்காற்று உள்ளே வருகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் மலைகள். சரிவில் ஏறி வருகிற காற்றும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறி வருகிற காற்றும் உச்சியில் முட்டிக்கொண்டால் அதற்குப் போக ஒரே வழி மேலேதான். காலை எட்டு மணிக்குத் துடைத்துவிட்டாற்போல இருக்கிற வானத்தில் பதினொரு மணிக்கு வெள்ளைக் குவியல்கள் தோன்றுகின்றன. ஒரு மணிக்கு அவற்றின் அடிப்பாகம் கறுக்கிறது. இரண்டு மணி சுமாருக்கு ராகலைப் பக்கமோ தலவாக்கலைப் பக்கமோ முதல் உறுமல். மின்னல் மிகுந்த மாதம் இந்த நாட்டில் ஏப்ரல்தான். அடுத்த உச்சம் ஒக்டோபர், நவம்பரில் வரும் இரண்டாம் இடைப்பருவம்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு செய்தி. இதே இயந்திரம், இதே இரு கடற்காற்று, இதே இரண்டு மணி, உலகத்தின் மறுபக்கத்தில் இன்னோர் உல்லாச ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கிற ஃபுளோரிடாவைப் படத்தில் பாருங்கள். மேற்கே மெக்சிக்கோ வளைகுடா, கிழக்கே அத்திலாந்திக், நடுவில் ஒர்லாண்டோ. குறுக்களவும் ஏறக்குறைய நம் நாட்டின் அகலம்தான். கோடையில் இரு கரைக் காற்றும் நடுவில் சந்தித்து, ஜூன் முதல் செப்டெம்பர் வரை பிற்பகல்தோறும் இடி இடிக்கிறது. அந்த ஒர்லாண்டோவுக்குப் பக்கத்தில்தான் 1971 ஒக்டோபரில் வோல்ட் டிஸ்னி உலகத்தைத் திறந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் இடி இடிக்கிற அந்தக் கோடையில்தான். மின்னல் கிட்ட வந்தால் அங்கே திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், நீச்சல் குளத்திலிருந்து எல்லாரையும் ஏற்றிவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டி வந்தவர்களும் ஒரு மணிநேரம் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். விபரம் தெரிந்த குடும்பங்கள் காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய் வெளிச் சவாரிகளை முடித்துவிட்டு, பிற்பகலை உள்ளரங்கக் காட்சிகளுக்கு ஒதுக்கிக்கொள்கின்றன.

ஒரு மணிநேரம் என்ற அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனபோதுதான் இந்த வாரப் புதையல் அகப்பட்டது. டிஸ்னி வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, 1946 கோடையில், அதே ஒர்லாண்டோ வானத்தில் விமானங்கள் இடிமேகத்துக்குள்ளே வேண்டுமென்றே புகுந்து பறந்தன. இடிமேகத்தைக் கண்டால் சுற்றிப் போவதுதான் விமானியின் பாடம். ஹொரஸ் பயர்ஸ் என்ற வளிமண்டல அறிஞரின் தலைமையில் நடந்த அந்த ஆய்வில் பாடத்தைத் தலைகீழாக்கினார்கள். உலகப் போரில் இரவுச் சண்டைக்கென்று கட்டிய பி-61 விமானங்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஐயாயிரம் அடி இடைவெளியில் அடுக்கி, ஒரே மேகத்துக்குள் அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு ஒஹையோவில் இதையே திரும்பச் செய்தார்கள். உள்ளே காற்று எந்தத் திசையில் வீசுகிறது, எவ்வளவு வேகம், எங்கே மழை, எங்கே ஆலங்கட்டி என்று அடுக்கடுக்காக அளந்தார்கள். அதுவரை எவரும் முழுதாகப் பார்த்திராத மேகத்தின் ஆயுட்கதை அப்போதுதான் தெரிந்தது.

அதற்கு மூன்று பருவங்கள். முதலில் காற்று மேலே மட்டும் ஏறுகிறது, மேகம் வளர்கிறது, மழை இல்லை. பிறகு ஏறுகிற காற்றும் மழையோடு விழுகிற குளிர்காற்றும் பக்கம் பக்கமாக ஓடும் உக்கிரமான நடுப்பருவம். கடைசியில் விழுகிற காற்று ஏறுகிற காற்றின் வழியை அடைத்துவிட, மேகம் தானே மூச்சடங்கிக் கரைகிறது. தனி மேகம் ஒன்றுக்கு இந்த வாழ்க்கை முழுவதும் ஏறக்குறைய ஒரு மணிநேரம். பக்கத்தில் புதிதாக இன்னொன்று முளைத்தால் நேரம் நீளும். அதனால்தான் சில நாள் ஐந்து மணிவரை விடாது.

இதே உண்மையை விமானம் இல்லாமல் ஒருவர் மலைமேல் கண்டுபிடித்தார். ஜப்பானின் கியூஷு தீவைச் சேர்ந்த தெத்சுயா ஃபுஜித்தாவுக்கு அப்போது 26 வயது. 1947 ஓகஸ்ட்டில் செபுரி மலையைக் கடந்த ஓர் இடிப்புயலை, மலையுச்சி நிலையத்தில் பதிவான காற்றழுத்தத்தையும் காற்று வேகத்தையும் வைத்து வரைந்து பார்த்து, மேகத்துக்குள்ளிருந்து காற்று கீழே கொட்டுகிறது என்று சொன்னார். அதே மலையில் அமெரிக்கப் படையின் ராடார் நிலையம் ஒன்று இருந்தது. அதன் குப்பைக்கூடையில் கிடந்த ஓர் ஆய்வுத்தாள் ஃபுஜித்தாவின் கைக்கு வந்தது. எழுதியவர் பயர்ஸ்! ஃபுஜித்தா தன் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதி அவருக்கே அனுப்பினார். பயர்ஸ் 1953இல் அவரைச் சிக்காகோவுக்கு அழைத்துக்கொண்டார். இன்று டோர்னாடோ என்ற சுழல்காற்றின் சேதத்தை அளக்கும் 'ஈ.எஃப்' அளவுகோலில் உள்ள 'எஃப்' அந்த ஃபுஜித்தாவின் முதலெழுத்து. மலைநாட்டில் உட்கார்ந்து மேகம் பார்க்கிறவனுக்கு இதைவிடத் தெம்பு தருகிற கதை வேறென்ன இருக்கிறது?

சரி, வாவிக்கரைக்கு வருவோம். ஃபுஜித்தா தாளில் வரைந்த குளிர்காற்றை நீங்கள் கன்னத்தில் உணரலாம். புழுக்கமாக இருந்த கரையில் சட்டென்று ஒரு சில்லிப்பு. தண்ணீரின் மேற்பரப்பு ஒரு பக்கமிருந்து கறுத்துக்கொண்டே வருகிறது. சோளம் சுடுகிறவரின் அடுப்புப் புகை அதுவரை போன திசையை விட்டுத் திரும்புகிறது. மேகம் நடுப்பருவத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு இவைதான் சாட்சி. பழகிய படகுக்காரர்கள் இந்தக் காற்றுக்கே கரை சேர்ந்துவிடுவார்கள். வாடகைக்கு எடுத்த மிதிபடகில் பிள்ளைகளோடு போனவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை. நடு வாவியில் அன்னப் படகின் கழுத்தைத் தவிர உயரமான பொருள் எதுவும் கிடையாது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீற்றருக்குள் விழுந்திருக்கிறது, அடுத்தது உங்கள் தலைக்கு மேலும் விழலாம். உடனே உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணிநேரம் கழியும்வரை வெளியே வரக்கூடாது. மழை விட்டதும் பிள்ளைகளை இறக்கிவிடுகிறோமே, அந்த நேரம் மிகவும் பொல்லாதது.

எதற்குள் போவது என்பதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். விக்டோரியா பூங்காவில் முதல் துளி விழுந்ததும் கூட்டம் பெரிய மரங்களுக்கடியில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தாத்தா பேரப்பிள்ளையை மரத்தின் அடியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றார், மழை படக்கூடாதென்று. மரத்தில் இறங்குகிற மின்னல் பக்கத்தில் நிற்கிறவர் மேல் தாவும், வேரோரத்து ஈரநிலத்திலும் பரவும். நாலு பக்கமும் திறந்த தேநீர்க் கொட்டிலும், கூடாரமும், ஓட்டோவும் மழைக்குத்தான் மறைப்பு. கண்ணாடியை ஏற்றிவிட்ட வேனும் காரும் நல்ல காவல், ஏனென்றால் மின்னோட்டம் வெளித் தகட்டோடு நிலத்துக்கு இறங்கிவிடும். நாலு சுவரும் கூரையும் உள்ள கட்டடம் எல்லாவற்றிலும் மேல். உள்ளே போனபின் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியில் செருகிய எதையும் தொடாதிருந்தால் போதும்.

ஆகவே ஹோர்ட்டன் சமவெளிக்கு விடியற்காலையிலேயே புறப்படுங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே 'உலக முடிவு' என்ற செங்குத்து விளிம்பில் பனிமூட்டம்தான் மிஞ்சும். ஹக்கலைப் பூங்கா, சீதாஎலிய கோயில், வாவி எல்லாம் நண்பகலுக்குள். பிற்பகலுக்குத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது, 1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையம் இருக்கிறது. பாட்டிக்கு ஒரு தபாலட்டை எழுத அதைவிட நல்ல நேரம் ஏது?

இனி, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததன் காரணம்.

வளிமண்டலவியல் திணைக்களம் சீசன் நாட்களில் அநேகமாக நண்பகலை ஒட்டி மின்னல் எச்சரிக்கை விடுக்கும். மரத்தடியில் ஒதுங்காதீர்கள், படகு, சைக்கிள், உழவு இயந்திரம் போன்ற திறந்த வாகனங்களில் போகாதீர்கள், திறந்த வெளிகளில் நிற்காதீர்கள் என்று அதில் வரும். திறந்த வெளி என்றால் எவையெவை என்றும் பெயர் சொல்லியிருக்கும்: வயல்வெளி, நீர்நிலை, தேயிலைத் தோட்டம். அரசாங்கத் திணைக்களமே பெயர் சொல்லித் தேயிலை மலையில் நிற்காதே என்கிறது. அந்த அறிவித்தல் வெளியாகிற நேரத்தில் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பொகவந்தலாவையிலும் ஆயிரமாயிரம் பெண்கள் நிற்பது வேறெங்கே?

கொழுந்துச் செடி இடுப்பளவு. அந்தப் பச்சை விரிப்பில் நிமிர்ந்து நிற்பவை இரண்டுதான்: நிழலுக்கு நட்ட கிரவிலியா மரமும் கொழுந்து பறிக்கிற பெண்ணும். ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், இடி உறுமிக்கொண்டிருக்கும்போதே இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு நிரையை விடாமல் பறித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"சத்தம் கேட்டா எறங்கிற மாட்டீங்களாக்கா?"

"எட வரலியே தம்பி. இப்ப எறங்குனா அரப்பேருதான்" என்றார். கை நிற்கவில்லை. கூடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொழுந்து இருந்தது.

நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் வைத்திருக்கிற கணக்குக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்குக்கு நின்று, மேடு பள்ளம் ஏறி இறங்கி, நாளின் கடைசி எடைக்கு ஓடுகிற அந்தப் பிற்பகல் மணிகளில்தான் மேகமும் முற்றுகிறது. உல்லாசப் பயணிக்கு வேன் இருக்கிறது, ஒரு மணிநேரம் பொறுத்தால் போதும். இவருக்கு அந்த ஒரு மணிநேரம் பாதிச் சம்பளம். இறங்கினாலும் பல இடங்களில் கிட்ட இருப்பது கொழுந்து நிறுக்கிற சுவரில்லாத மடுவம்.

ஒர்லாண்டோவில் சவாரியை நிறுத்துகிற முடிவைப் பயணியிடம் விடுவதில்லை. தோட்டத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். எச்சரிக்கை வந்த நாளில் முதல் இடிக்கே வெளிக்கள உத்தியோகத்தர் மலையை நிறுத்தட்டும். அன்றைய எடைக் கணக்கைக் குறைத்து முழுப்பேர் போடட்டும். மடுவத்துக்கு நாலு சுவர் எழுப்பட்டும். எச்சரிக்கை நாட்களில் வேலையைக் காலையில் முன்தள்ளி வைப்பதும் முடியாத காரியமல்ல. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சு மேசையில் உட்காரும்போது கிலோக் கணக்கோடு இந்த இடிக் கணக்கையும் எடுத்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

யாரேனும் மின்னலில் அடிபட்டு விழுந்தால் தொடப் பயப்படாதீர்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சோ நாடியோ இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர் 1990க்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழைக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சிவனொளிபாத மலை அடுத்த வாரம் கட்டாயம். வெசாக் போயாவரை யாத்திரைக் காலம் இருக்கிறது, நல்லதண்ணி வழியாக ஏறுகிறவர்கள் இருப்பீர்கள். அந்தக் கம்பிகளைப் பற்றி நான் எழுதுமுன்பே புறப்படுவதென்றால், இரவில் ஏறி, சூரியோதயம் பார்த்து, நண்பகலுக்குள் இறங்கிவிடுங்கள்.