சித்தப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்!

"சாத்தமுது விடட்டுமா?" என்று கேட்டாள் சித்தி.

"சாத்தாதே! திறந்தே இருக்கட்டும், கொஞ்சம் காத்து வரட்டும்" என்றார் சித்தப்பா.

இலை முன்னால் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். சித்தப்பாவும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நாலு பேர் சிரிக்கும்போது தாமும் சிரித்து வைப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. சித்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஆறு வருஷமா இப்படித்தான். கேட்டா, 'எனக்கென்ன, காது நன்னாக் கேக்கறது. நீதான் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கறே'ங்கறார்" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீட்டில், ஒரு மார்கழி மாதத்தில் நடந்தது இது. பகல்பத்து நாட்கள். அர்ஜுன மண்டபத்தில் நம்பெருமாள் எழுந்தருளியிருக்க, அரையர்கள் தாளத்தைத் தட்டிக்கொண்டு பாசுரம் சேவிப்பார்கள். அதைக் கேட்க நாற்பது வருஷமாக ஒரு நாள் விடாமல் போனவர் சித்தப்பா. அந்த வருஷம் போன அரை மணியில் திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "கூட்டம்" என்றார். "முழங்கால் வலி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. காது போகிறவருக்குத் தம் காது போவது தெரிவதில்லை. கண் மங்கினால் பத்திரிகை எழுத்து மங்குகிறது, கண்கூடாகத் தெரிகிறது. காதில் விழாத ஒலியோ விழவில்லை என்று எப்படித் தெரியும்?

காதுக்குள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற நுனிகளுடன் சுமார் 15,000 செல்கள். ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்பவை இவைதான். ஒரு தடவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. வயதானால் பெரும்பாலும் வாசலருகே இருப்பவை, அதாவது கீச்சுக் குரலுக்கு உரியவை, முதலில் போகின்றன. தடித்த ஒலிகளுக்கு உரியவை உள்ளே பத்திரமாக இருக்கின்றன. ஆகவே பேச்சு காதில் விழும், சொல் விழாது. ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, த, ப, க எல்லாம் நழுவிவிடும். மிச்சத்தை மனசு ஊகித்து நிரப்பிக்கொள்ளும். சாத்தமுது கதவாகிப் போனது இப்படித்தான்.

சகோதரிகளே, நம் வீடுகளில் நடக்கும் பாதிச் சண்டைக்கு இங்கே காரணம் இருக்கிறது. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் மெல்லியவை. பால்காரர் வாசலில் கொடுக்கும் குரல் அவருக்குக் கேட்கிறது. சமையலறையிலிருந்து மனைவி கூப்பிடுவது கேட்கவில்லை. "வேணும்போது மட்டும் காது கேக்கும் இவருக்கு!" என்று நாம் பொருமுகிறோம். பாவம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இன்னொரு விசித்திரமும் உண்டு. மெல்லச் சொன்னால் கேட்காது, கொஞ்சம் உரக்கச் சொன்னால், "ஏன் இப்படிக் கத்தறே?" என்று சீறுவார். சேதமான காதில் மெல்லிய ஒலி விழுவதில்லை. பெரிய ஒலியோ முழு வேகத்தோடு வந்து அறைகிறது. இரண்டும் உண்மை.

சரி, டாக்டரிடம் போனால் என்ன? அங்கேதான் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகத்தில் 43 கோடிப் பேருக்குக் காது விஷயத்தில் உதவி தேவை. கருவியால் பயன் பெறக்கூடியவர்களில் நூற்றுக்கு 17 பேர்தான் அதை உபயோகிக்கிறார்கள். ஏழை நாடுகளில் பணம் இல்லை என்று சொல்லலாம். செல்வம் கொழிக்கும் நாடுகளிலும் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் கருவி இல்லாமல்தான் இருக்கிறார்களாம்! ஆகவே காசு மட்டும் காரணம் இல்லை.

வெட்கம் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். மூக்குக் கண்ணாடி போட்டால் படித்தவர் என்கிறோம். காதில் மெஷின் வைத்தால் கிழவர் என்கிறோம். கண் தெரியாதவரைக் கண்டால் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்தி விடுகிற நாம், காது கேளாதவரைக் கண்டால் சிரிக்கிறோம். பழமொழி எடுத்தால் செவிடன் காதில் ஊதிய சங்கு. நாடகம், சினிமா எடுத்தால் தப்பும் தவறுமாகப் பதில் சொல்லும் ஒரு செவிட்டுத் தாத்தா. அன்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து நானும் சிரித்தவள்தானே?

காவிரிக்கு அந்தக் கரையில் வேறொரு காரணம் கேட்டேன். பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம். "எங்க ஷாப்புல வேலை செஞ்சவனுக்கு இது சகஜம்மா" என்று பெருமையாகவே சொன்னார். ஏதோ போர்க்களத்தில் பட்ட விழுப்புண் மாதிரி! இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும் இடங்களில் காது கெடுவது பழைய கதை. கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற டாக்டர் 1886-லேயே கொதிகலன் செய்யும் நூறு தொழிலாளிகளின் காதுகளைச் சோதித்து எழுதியிருக்கிறார். தொழிற்சாலை இரைச்சலால் வரும் செவிட்டுத்தனம் நம் தேசத்துச் சட்டத்திலும் தொழில் நோய்களில் ஒன்று. 85 டெசிபல் இரைச்சலில் தினம் எட்டு மணி நேரம், வருஷக்கணக்கில் நின்றால் காது தாங்காது. சகஜம் என்பது வாஸ்தவம். சகஜம் என்பதால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று முடிவு கட்டியதுதான் தப்பு.

இதற்கு நேர்மாறாக, உடனே ஓட வேண்டிய சமயமும் உண்டு. இதை மட்டும் தயவு செய்து கவனமாகப் படியுங்கள். காலையில் எழுந்திருக்கும்போது ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டு கேட்காமல் போனால், "சளி, தானே சரியாகிவிடும்" என்று இருக்காதீர்கள். எண்ணெய் காய்ச்சி விடாதீர்கள். அது நரம்புச் சம்பந்தமாக இருந்தால் சில நாட்களுக்குள் மருந்து ஆரம்பிக்க வேண்டும். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் திரும்பக் கிடைக்கக் கூடியதும் கிடைக்காமல் போகலாம். சில சமயம் வெறும் குறும்பியாகவும் இருக்கும். டாக்டர் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார். எது எது என்று ஊக்காலும் தீக்குச்சியாலும் நாம் கண்டுபிடிக்க முடியாது.

சித்தப்பா கதைக்கு வருகிறேன். ஆறு வருஷம் அவர் டாக்டரிடம் போகாமல் காலம் தள்ள முடிந்ததற்குக் காரணம், சித்திதான் அவருக்குக் காதாக இருந்தாள். வாசலில் யார் வந்தாலும், டெலிபோன் வந்தாலும், பாங்கியில் குமாஸ்தா ஏதாவது கேட்டாலும், இவள் அவர் முகத்துக்கு நேரே வந்து இன்னொரு தரம் சொல்வாள். ஒரு நாள் சித்தி மத்தியான்னம் கண்ணயர்ந்திருந்தபோது பெங்களூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். ஐந்து வயசு. "தாத்தா, எப்போ வருவே?" என்று கேட்டிருக்கிறாள். "சரி சரி" என்றார் இவர். மறுபடி கேட்டாள். "ரொம்ப சந்தோஷம்" என்றார். குழந்தை போனைத் தாயாரிடம் கொடுத்துவிட்டு, "தாத்தா என்னோட பேச மாட்டேங்கறா" என்று அழுதாளாம். மாலையில் மகள் இதைச் சொன்னபோது, சித்தி வழக்கம்போல் முகத்துக்கு நேரே வந்து அவருக்குச் சொன்னாள்.

மறுநாள் காலை அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "தில்லைநகர்லே ஒரு டாக்டர் இருக்கார்னு சொன்னியே?" என்றார்.

பரிசோதனை வலிப்பதில்லை. சத்தம் புகாத ஒரு சிறு அறை. காதில் ஒரு ஹெட்போன். ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அரை மணியில் கோடு போட்ட படமாக வந்துவிடுகிறது. ஆடியோகிராம் என்று பெயர். கருவியின் விலை சில ஆயிரத்திலிருந்து லட்சத்துக்கு மேல்கூடப் போகிறது. சோதனை செய்யாமல் விளம்பரத்தைப் பார்த்து வாங்குவது பிறர் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது மாதிரி. முடியாதவர்களுக்குப் புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. குறை போதிய அளவு இருந்தால் மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசக் கருவிக்கும் மனுப் போடலாம். ஆனால் சட்டப்படி 'கேட்கும் திறன் குறைந்தவர்' என்று கணக்கிட இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பு வேண்டும். ஐம்பதில் நின்று தவிப்பவருக்குச் சான்றிதழ் இல்லை. தவிப்பு என்னவோ இருக்கிறது!

கருவி வந்த முதல் வாரம் வீடு ரணகளம். பேப்பரைப் புரட்டினால் சத்தம், மின்விசிறி சத்தம், சித்தி பாத்திரம் வைத்தால் இடி விழுந்த மாதிரி. "கழற்றி எறியப் போறேன்" என்றார். பலர் இந்தக் கட்டத்தில்தான் அதை அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். பல வருஷமாக இந்த ஒலிகளை மறந்த மூளைக்கு மறுபடி பழகச் சில வாரங்கள் வேண்டும் என்று கருவி பொருத்தியவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் பிழைத்தோம். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி, பிறகு இரண்டு மணி, அப்புறம் கடைத்தெரு. இன்னும் கல்யாணக் கூட்டத்தில் திண்டாடுகிறார். கருவி காதுக்குத் துணைதான். பழைய காதைத் திருப்பித் தராது.

மறதி நோய்க்கும் காதுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்கள். நடுவயதில் கேட்கும் சக்தி குறைவது, தடுக்கக்கூடிய முக்கிய காரணங்களில் ஒன்று என்று 'லான்செட்' பத்திரிகை கூட்டிய நிபுணர் குழு 2024-லும் சொல்லியிருக்கிறது. கருவி போட்டால் மறதி வராது என்று இதற்கு அர்த்தம் அல்ல. பேச்சிலிருந்து ஒதுங்கி ஒதுங்கிப் போகிற மனிதர் எங்கே போய்ச் சேர்வார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அந்தத் தில்லைநகர் விஜயத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. சித்தப்பாவுக்குச் சோதனை முடிந்ததும், சோதனை செய்த பெண், "மாமி, நீங்களும் ஒரு தரம் உட்காருங்களேன்" என்றாள். சித்தி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவளுடைய இடது காதின் கோடு, சித்தப்பாவின் கோட்டைவிடக் கீழே போயிருந்தது!

எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யார் பேசினாலும் வலப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அது அவள் சுபாவம் என்று இருந்தோம். அடுப்படியில் கூப்பிட்டு வராவிட்டால், "சித்திக்கு ஞாபகமே இல்லை" என்போம். சித்தப்பாவுக்குக் காது கேட்காவிட்டால் அவர் குரலை உயர்த்துவார். வீடே எழுந்து நிற்கும். சித்தி பேசாமல் இருந்துவிடுவாள். அதனால் ஆறு வருஷம் ஒரு காதால் இரண்டு பேருக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எனக்கு எதுக்குடீ மெஷின்? நான் எந்த சபையிலே போய் உக்காரப் போறேன்? பங்குனி உத்தரம் ஆகட்டும், பார்த்துக்கலாம்" என்கிறாள். பங்குனி உத்தரமும் வந்து போய்விட்டது. இப்போது பேரனுக்குப் பூணூல் ஆகட்டும் என்கிறாள்.

போன வாரம் போனில் சித்தப்பா என்னிடம் முறையிட்டார். "நீயாவது சொல்லேன். நான் சொல்றதை அவ காதிலேயே போட்டுக்க மாட்டேங்கறா!"