செய்யாற்றின் தலையில் ஒரு மீன்குட்டை

செய்யாறு எங்கள் ஜவ்வாது மலையில்தான் பிறக்கிறது. கமண்டல நாகநதியும் இதே மலையில் புறப்பட்டு அதோடு போய்ச் சேர்கிறது. இரண்டும் கலந்த நீர் திருமுக்கூடலில் பாலாற்றில் விழுந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. சாமைக் கொல்லை ஓரமாக வழிந்தோடும் மழைத்தண்ணீரைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் நான். அந்தத் தண்ணீருக்குக் கடலில் என்ன வேலை என்பது பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. 1961-இல் உருவான மையம். பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா அதற்கு அடித்தளம் இட்டவர். ஆய்வுக்கூடத்துக்கு அப்படி ஓர் இடம் அமைந்தது பெரிய பேறு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். கோடையில் வெள்ளாற்று முகத்துவாரத்திலும் ஏறக்குறைய அதே உப்புத்தான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் இறங்கினால் அதே இடத்துத் தண்ணீரில் உப்பே தெரியாது. உப்புமானியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால், மேற்கே மழை பெய்ததா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

வெள்ளம் உப்பைக் குறைப்பதோடு நிற்பதில்லை. மலைமண்ணும் மக்கிய இலையும் அதோடு வருகின்றன. அவற்றின் சத்தில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்று நுண்விலங்குகள். அவற்றைத் தின்று மீன் குஞ்சுகள். பல இறால் இனங்கள் கரையை விட்டு விலகிய கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் கடல் ஏற்றத்தோடு முகத்துவாரத்துக்குள் வந்து, இந்தக் கலங்கல் நீரில் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். ஆற்றுநீர் வராத வருஷம் இந்தத் தொட்டில் காய்ந்துவிடும். கடலுக்குப் போகும் தண்ணீரை வீணாகும் தண்ணீர் என்று யாராவது பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

கொடுவா மீனின் கதை இன்னும் விசித்திரம். ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, முட்டையிட உப்புநீருக்கு இறங்கும் மீன் அது. முதலில் பெரும்பாலும் ஆண். சில வருஷம் போய், உடல் பருத்த பிறகுதான் பெண்ணாக மாறும். அதனால் குஞ்சு எடுக்க விரும்பும் பொரிப்பகம் பெரிய மீன்களைப் பல வருஷம் காத்து வளர்க்க வேண்டும். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1997-இல் முட்டுக்காட்டில் அப்படிக் கொடுவாக் குஞ்சு எடுத்துக் காட்டியது. குஞ்சுகள் ஒன்றையொன்று விழுங்கும் குணம் உள்ளவை. அளவு வாரியாக அடிக்கடி பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்கினால் கொடுவா நன்னீர்க் குட்டையிலும் வளரும். நல்ல விலையும் உண்டு. ஆனாலும் எங்கள் மலைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது மீன் தின்னும் மீன். ஒரு கிலோ கொடுவாவுக்காகக் கடலில் அதைவிட அதிகமான பொடிமீனைப் பிடித்துத் தீவனமாக்கினால், கடலுக்கு அதனால் என்ன லாபம்?

நீடித்து நிற்கும் மீன்வளர்ப்பு என்று எங்கள் வகுப்பில் பேசும்போதெல்லாம் 1990-களின் இறால் பண்ணைகளுக்கு வந்துதான் நிற்போம். கடற்கரை நெடுக வயலைக் குட்டையாக்கினார்கள். பக்கத்து நிலத்தில் உப்பு ஏறியது, குடிநீர் கெட்டது. ஒரு பண்ணை வெளியேற்றிய தண்ணீரையே அடுத்த பண்ணை உள்ளே இறைத்துக்கொண்டது. 1994-ஐ ஒட்டி வெண்புள்ளி நோய் வந்தபோது இறால்கள் குட்டை குட்டையாகச் செத்தன. காந்தியவாதி ஜெகந்நாதன் இந்தப் பண்ணைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் கடலோர மீன்வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்ட ஊரில், அது எங்கே போகிறது என்று கேட்க ஆளில்லாமல் போனதன் விலை அந்த அழிவு.

படிப்பு முடித்து மலைக்குத் திரும்பியபோது என் சித்தப்பா பண்ணைக்குட்டை வெட்டியிருந்தார். "ஏம்மா, உப்புத்தண்ணி படிச்சவளுக்கு நம்ம குட்டையைப் பத்தி என்னம்மா தெரியும்?" என்று கேட்டார். "விடிகாலையில மீன் மேல வந்து வாயைத் திறக்குதா சித்தப்பா?" என்று கேட்டேன். திறக்கிறது என்றார். ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் சேர்ந்து மூச்சு விடுவதால், பொழுது விடியும் நேரம்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். சாணத்தை அள்ளிக் கொட்டியிருந்தால் அது மக்கும்போது இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துவிடும். சாணத்தைக் குறைக்கச் சொன்னேன், சுண்ணாம்பு போடச் சொன்னேன். மழைநீர் நிறைந்த குட்டையில் சுண்ணாம்புச்சத்து குறைவு. காலைக்கும் மாலைக்கும் கார அமிலத் தன்மை ஏறி இறங்கி மீன் சோர்ந்துவிடும். மார்கழிக் குளிரில் மீன் இரை எடுப்பதும் குறையும். அப்போது தவிட்டையும் பிண்ணாக்கையும் வழக்கம்போலக் கொட்டினால் அடியில் அழுகும்.

எங்களுக்கு ஏற்றவை கட்லா, ரோகு, மிருகால்தான். கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிருகால் தரையிலும் மேயும். இரைக்குப் போட்டி இல்லை. பெரும்பாலும் ஆற்றிலேயே முட்டையிட்டுக்கொண்டிருந்த இந்தக் கெண்டைகளை 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் ஊசிமருந்து கொடுத்து முட்டையிட வைத்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முன் பெரும்பாலும் ஆற்றில் குஞ்சு அரித்துப் பிடித்தால்தான் குட்டைக்கு மீன்.

இங்கே எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் திருட்டுத்தனமாக விற்பவர்கள் உண்டு. தடைசெய்யப்பட்ட மீன் அது. சேற்றிலும் உயிர் பிழைக்கும், கண்டதையும் தின்னும். ஜிலேபி மீனும் 1952-இல் வெளியிலிருந்து வந்ததுதான். வாய்க்குள் குஞ்சு வைத்துக் காக்கும் அது இன்று தமிழ்நாட்டில் இல்லாத ஏரி இல்லை. சமவெளியில் ஒரு குட்டை உடைந்தால் பக்கத்து ஏரி கெடும். எங்கள் குட்டையோ ஆற்றின் தலைமேல் இருக்கிறது. ஐப்பசியில் கரை வழிந்தால் ஓடை, ஓடையிலிருந்து செய்யாறு. அங்கே இருக்கிற நாட்டுக் கெண்டை, கெளுத்தி, குரவைக்கெல்லாம் அது முடிவாகலாம். வழிகாலில் நெருக்கமான வலை கட்டாமல் மலையில் யாரும் மீன் விடக்கூடாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2012-இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்துக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் ஒரு மீன்வளர்ப்பு மையம் இருக்கிறது. எங்கள் மலைக்கு அதுதான் அருகிலுள்ள வாசல். அவர்களிடம் நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. எங்கள் குட்டைகள் ஆடி மழையில் பாதி நிறைந்து, ஐப்பசியில் தளும்பி, பங்குனியில் வற்றுகின்றன. விரலளவுக் குஞ்சு விட்டால் விற்கும் அளவுக்கு வளர்வதற்குள் தண்ணீர் போய்விடும். நெருக்கமாக விட்டு, குறைந்த தீவனத்தில் ஓராண்டு வைத்திருந்த குஞ்சுகள் தாராளமான தண்ணீர் கிடைத்ததும் மடமடவென்று வளரும். அப்படி வைத்திருந்த குஞ்சுகளைத்தான் அவர்களிடம் கேட்கிறேன். மலையில் எத்தனை குட்டைகள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு தண்ணீர், எந்த மாதம் வரை என்று சித்திரையிலேயே கணக்கெடுத்தால், ஆவணிக்குள் அந்தக் குஞ்சுகளை மேலே ஏற்றிவிடலாம்.